வீட்டில் ஸ்கூல் என்றால் லீவுக்கு எங்கே போவது?

மகள் ஸ்கூலுக்குப் போகணும் என்கிறாள். 11 வயது. ஐந்து வருடமாக அவளையும் அவள் தம்பியையும் வீட்டிலேயே வைத்துப் படிக்க வைக்கிறோம். இதை எங்கள் வீட்டுக்கல்விக் குழுவில் சொன்னேன். மாதம் ஒரு சனிக்கிழமை மதுரையில் ஏதாவது ஒரு பூங்காவில் கூடுகிற பத்துப் பதினைந்து குடும்பங்கள். சொன்னதும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ஏதோ ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டைப் படித்துக் காட்டின மாதிரி ஒரு அமைதி. பிறகு ஒரு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இது ஒரு ஃபேஸ்தாம்மா. எங்க வீட்லயும் வந்துச்சு. யூனிஃபார்ம் மேல ஒரு ஆசை, அவ்வளவுதான். ரெண்டு மாசம் கண்டுக்காம விடு, போயிரும்."

குழந்தை சொல்வதைக் கேட்க வேண்டும் என்பது எங்கள் குழுவில் வேதம். கணக்கு இன்னைக்கு வேண்டாம் என்றால் கேட்போம். மத்தியானம் மூன்று மணி வரைக்கும் ஒரு எறும்புப் புற்றையே பார்த்துக்கொண்டிருப்பேன் என்றால் அதையும் கேட்போம். ஸ்கூல் வேண்டும் என்று சொன்னால் மட்டும் அது ஃபேஸ். இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்த ஒரு வார்த்தைதான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பள்ளிகளுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. மகளை எல்.கே.ஜி., யு.கே.ஜி. படிக்க வைத்தது ஒரு தனியார் ஆங்கிலப் பள்ளியில். வகுப்பில் தமிழ் பேசினால் நிற்க வைப்பார்கள். ஐந்து வயதுப் பிள்ளை சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "இப்ப தமிழ்ல பேசலாமாம்மா?" என்று என்னிடம் அனுமதி கேட்டாள். அந்தக் கேள்வி இன்னும் எனக்குள் ஆறவில்லை. அடுத்து 2020 மார்ச்சில் எல்லாப் பள்ளிகளும் மூடின. முதல் வகுப்பை செல்போனில் நடத்தினார்கள், ஃபீஸை மட்டும் முழுசாகக் கேட்டார்கள். எடுத்துவிட்டோம். தமிழ்நாட்டில் சின்ன வகுப்புகளுக்குப் பள்ளி திரும்பத் திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. அதற்குள் எங்களுக்கு வீட்டுப் படிப்பு பழகிவிட்டது. உண்மையைச் சொன்னால் பிடித்தும் போய்விட்டது.

எது பிடித்தது என்றால், ராத்திரி வாசிப்பு. ஒன்பது மணிக்கு மேல் கொசுவலைக்குள் மூன்று பேரும் நுழைந்துகொள்வோம். நான் சத்தம் போட்டு வாசிப்பேன். கதையில் வருகிற பிள்ளைகளின் பேச்சை மகள் வாசிப்பாள். நாய் பேசினால் அது தம்பியுடைய வேலை. நாய் பேசாத கதையிலும் அவன் குரைப்பான். அப்பா பக்கத்தில் படுத்து ஐந்தாவது நிமிடம் குறட்டை விடுவார். தெனாலிராமன், வாண்டுமாமா என்று ஆரம்பித்து எங்கெங்கோ போனோம். ஒரே புத்தகத்தை நான்கு தடவை வாசித்திருக்கிறோம். வாசிக்க வாசிக்க ஒரு வீட்டுக்கென்று தனியாக ஒரு பாஷை உருவாகும், பாருங்கள். குழம்பில் உப்பு குறைந்தால் சொல்ல ஒரு கதாபாத்திரத்தின் பெயர், அப்பா கோபமாக வந்தால் எச்சரிக்க இன்னொரு பெயர். இதெல்லாம் எந்தப் பாடத்திட்டமும் தராது. இதை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

போன வருடம் டோட்டோ-சான் வாசித்தோம். இந்த இதழைப் படிக்கிறவர்களில் பாதிப் பேராவது படித்திருப்பீர்கள். டெட்சுகோ குரோயநாகி 1981-ல் எழுதியது. இளம்பிள்ளை வாதம் வந்த யாசுவாகியை டோட்டோ-சான் மரத்தில் ஏற்றுகிற இடம் வந்தபோது எனக்குக் குரல் கம்மிவிட்டது. தம்பிகூட குரைக்காமல் படுத்திருந்தான். புத்தகம் முடிந்த ராத்திரி மகள் கேட்டாள்.

"நம்ம ஊர்ல இப்படி ரயில்பெட்டி ஸ்கூல் இருந்தா என்னையச் சேத்திருப்பியாம்மா?"

"கண்டிப்பா சேத்திருப்பேன்."

"அப்ப ஸ்கூலே தப்புன்னு நீ நினைக்கல."

எனக்குப் பதில் வரவில்லை. அவளே கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள், "எனக்கு ரயில்பெட்டியெல்லாம் வேணாம்மா. சும்மா ஸ்கூல் போதும்."

வீட்டுக்கல்விக் குழுக்களில் புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் கொடுக்கப்படுகிற புத்தகம் டோட்டோ-சான்தான். எனக்கும் அப்படித்தான் வந்தது. பள்ளி குழந்தைகளை எப்படி நசுக்குகிறது என்பதற்கு அதை ஆதாரமாகச் சொல்வார்கள். ஆனால் முதல் சில பக்கங்களைத் தாண்டிவிட்டால் அது முழுக்க முழுக்க ஒரு பள்ளியைப் பற்றிய புத்தகம். வெளியேற்றப்பட்ட பெண்ணை அம்மா வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை, வேறு பள்ளியைத் தேடிப் போகிறாள். தலைமையாசிரியர் கோபயாஷி தன் பள்ளி 1945-ல் குண்டுவீச்சில் எரிவதைப் பார்த்துக்கொண்டே, அடுத்து எப்படிப்பட்ட பள்ளி கட்டலாம் என்று மகனிடம் கேட்கிறார். சரி, நம்ம வீட்டுப் பிள்ளைகளை நாம பார்த்துக்கலாம் என்று கிளம்பிப் போகவில்லை.

இரண்டாவதாகக் கையில் திணிக்கப்படுவது கிஜுபாய் பதேகாவின் 'பகல் கனவு'. 1932-ல் குஜராத்தியில் வந்தது. அதில் வருகிற ஆசிரியர் லட்சுமிராம் ஒரு அரசுத் தொடக்கப்பள்ளியின் நான்காம் வகுப்பைக் கேட்டு வாங்கி, கதை சொல்லியும் விளையாடியும் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போயும் பாடம் நடத்துகிறார். அதாவது நாங்கள் வீட்டுக்கல்வி என்று பெருமைப்படுகிற அதே இரண்டு விஷயங்கள், வாசிப்பும் வெளியே போவதும். அவர் அதைச் செய்துகாட்டியது யாரோ பெற்ற பிள்ளைகளுக்கு. இன்னும் கொஞ்சம் படித்தவர்கள் இவான் இல்லிச் பெயரைச் சொல்வார்கள். பள்ளிகளைக் கலைக்கச் சொன்னவர்தான், 1971-ல். ஆனால் பள்ளிக்குப் பதிலாக அவர் கேட்டது பொதுவான வலைப்பின்னல்களை. கருவிகள், புத்தகங்கள், கற்றுத்தரத் தெரிந்தவர்கள், கூடப் படிக்க ஆட்கள் என எல்லாம் எல்லாருக்கும் கிடைக்க வேண்டும் என்றார். பிள்ளையை அம்மாவோடு டூ பெட்ரூம் ஃப்ளாட்டில் வைத்துப் பூட்டச் சொல்லி அவர் எங்கும் எழுதியதாகத் தெரியவில்லை.

மகளுக்கு ஸ்கூல் ஆசை எங்கிருந்து வந்தது என்றும் சொல்ல வேண்டும். யூனிஃபார்மிலிருந்து வரவில்லை. கீழடியிலிருந்து வந்தது.

மதுரையிலிருந்து பன்னிரண்டு, பதிமூன்று கிலோமீட்டர்தான். 2023 மார்ச்சில் அருங்காட்சியகம் திறந்ததிலிருந்து எங்கள் குழுவுக்கு அது குலதெய்வக் கோயில் மாதிரி. யாராவது புதுக் குடும்பம் சேர்ந்தால் கூட்டிக்கொண்டு போய்விடுவோம். அன்றைக்கு இருபது பிள்ளைகள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு ஒர்க்ஷீட். 'நீ பார்த்த ஐந்து பொருட்களை எழுது, உனக்குப் பிடித்ததை வரை.' பள்ளிக்கூடம் சிறை என்று சொல்லிக்கொண்டு அருங்காட்சியகத்துக்கு ஒர்க்ஷீட்டோடு போகிறவர்கள் நாங்கள். அதை பிரிண்ட் எடுத்ததும் நான்தான், அதனால் இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஒவ்வொரு கூடத்திலும் அம்மாக்கள் போட்டோ எடுத்தோம். பிள்ளை பானையைப் பார்ப்பது மாதிரி, பிள்ளை யோசிப்பது மாதிரி.

அதே நேரம் ஒரு அரசுப் பள்ளியிலிருந்து நாற்பது பிள்ளைகள் வந்திறங்கினார்கள். கூட இரண்டு டீச்சர்கள். ஒர்க்ஷீட் கிடையாது, ஒரே சத்தம். பெயர் பொறித்த பானை ஓடுகள் இருக்கிற இடத்தில் அந்த டீச்சர் நின்று, 'ஆதன்' என்று தமிழி எழுத்தில் இருப்பதை விரலால் காற்றில் எழுதிக் காட்டினார். ஒரு பெண் சட்டென்று சொன்னாள், "டீச்சர், எங்க அம்மாச்சி சொம்புலயும் பேரு வெட்டியிருக்கு. கல்யாணத்துக்குக் குடுத்தது." உடனே இன்னொருத்தி, தன் வீட்டு அண்டாவில் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் இருக்கிறது, வாங்கினவர்கள் திருப்பித் தரவே இல்லை என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். இரண்டாயிரம் வருடத்துக்கும் மேலான பானை ஓட்டுக்கும் பாத்திரக்கடையில் பேர் வெட்டித் தருகிறவருக்கும் அரை நிமிடத்தில் ஒரு கோடு விழுந்துவிட்டது. நான் நான்கு தடவை அங்கே போயிருக்கிறேன். எனக்கு அது தோன்றவில்லை.

என் மகள் ஒர்க்ஷீட்டை என் கையில் கொடுத்துவிட்டு அந்தக் கூட்டத்தோடு போய்விட்டாள். மத்தியானம் வெளியே மர நிழலில் வரிசையாக உட்கார்ந்து அவர்கள் புளிசாதம் சாப்பிட, இவளும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். சொம்பு சொன்ன பெண் கேட்டது எனக்குக் காதில் விழுந்தது.

"நீ எந்த ஸ்கூல்?"

"நான் வீட்லயே படிக்கிறேன்."

"வீட்ல ஸ்கூல்னா லீவு விட்டா எங்க போவ?"

மகள் சிரித்தாள். ஆனால் திரும்பி வருகிற பஸ்ஸில் பேசவே இல்லை. ஐந்து வருடம் லீவு இல்லாமல் இருந்தது அவள் மட்டுமல்ல. நானும்தான்.

இப்போது அதற்கு வருகிறேன். விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளி மொத்தக்கடையில் எட்டு வருடம் கணக்கு எழுதினேன். ஜி.எஸ்.டி. வந்த வருடம் அந்தக் கடையை நான்தான் கரையேற்றினேன் என்று முதலாளியே சொல்வார். 16,000 ரூபாய் சம்பளம். பெரிய பணம் இல்லை, ஆனால் என் பெயரில் வந்த பணம். 2020-ல் விட்டேன். யாரும் விடச் சொல்லவில்லை. யார் விடுவது என்று யாரும் பேசக்கூட இல்லை, அதுதான் விஷயம். 2019-ல் அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டுவேலை செய்கிற பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். அதற்கு மேல் நாங்கள் ஒரு பள்ளிக்கூடத்தையும் ஏற்றிவைத்திருக்கிறோம். டீச்சர், ஆயா, சமையல், வேன் டிரைவர், கரஸ்பாண்டென்ட் எல்லாம் ஒரே ஆள்.

எங்கள் கூட்டங்களில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். புதியவர்களுக்கு வீட்டுக்கல்வியின் தத்துவத்தை விளக்குகிறவர்கள் அப்பாக்கள். நன்றாகப் பேசுவார்கள். ஜான் ஹோல்ட் என்பார்கள், தொழிற்சாலை மாடல் என்பார்கள். அந்த நேரம் அம்மாக்கள் பின்னால் பிள்ளைகளுக்குத் தண்ணீர் பாட்டில் திறந்துகொண்டிருப்போம். என் கணவரும் பேசியிருக்கிறார். "நாங்க பாடமே நடத்துறதில்ல, வாழ்க்கையே பாடம்" என்று அவர் சொன்னபோது கைத்தட்டல். வாழ்க்கையை யார் நடத்துகிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நல்ல மனுஷர்தான். சண்டை போட்டுத்தான் சொல்கிறேன்.

அந்த 'வாழ்க்கையே பாடம்' எனக்கு வேறொரு காரணத்துக்காகவும் தொண்டையில் நிற்கிறது. மாவு அளந்து ஊற்றினால் கணக்கு, செடிக்குத் தண்ணீர் ஊற்றினால் அறிவியல் என்று எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு எழுதிவைக்கிறோம். எங்கள் தெரு முனையில் அப்பாவோடு இஸ்திரி வண்டியில் நிற்கிற பையன் துணி எண்ணுகிறான், சில்லறை கொடுக்கிறான், எந்தத் துணிக்கு எவ்வளவு சூடு என்று தெரிந்து வைத்திருக்கிறான். அவன் செய்வதற்குப் பெயர் குழந்தை உழைப்பு. என் மகன் செய்தால் அனுபவக் கல்வி. வீடு கற்றுத்தரும் என்று யாராவது சொன்னால், யாருடைய வீடு என்று திருப்பிக் கேட்கிற ஊர் இது. கேட்டும் இருக்கிறது. 1953-ல் ராஜாஜி அரசு கிராமத் தொடக்கப்பள்ளி நேரத்தை மூன்று மணி நேரமாகக் குறைத்து, மீதி நேரம் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. குலக்கல்வி என்று பெயர் வைத்து எதிர்த்தார்கள். 1954-ல் காமராஜர் வந்ததும் திட்டம் போனது. வீட்டிலிருந்து தப்பிக்கத்தான் பள்ளிக்கூடம் என்று ஒரு தலைமுறை போராடிய மண்ணில் நின்றுகொண்டு, பள்ளியிலிருந்து தப்பிக்கத்தான் வீடு என்று நாங்கள் டிஷர்ட் அடித்துப் போடுகிறோம்.

எங்க அப்பத்தா ஐந்தாம் வகுப்போடு நின்றது. வயதுக்கு வந்ததும் வீட்டில் வைத்துக்கொண்டார்கள். சமையல், மாடு, தம்பி தங்கைகள். எல்லாம் கற்றுக்கொண்டது, வாழ்க்கையே பாடமாக. அதற்கு ஹோம்ஸ்கூலிங் என்று யாரும் பெயர் வைக்கவில்லை. சாகிற வரைக்கும், "அஞ்சாப்பு வரைக்கும் நான்தான் லீடரு" என்று சொல்லிக்கொண்டிருந்தது. என் மகள் வீட்டில் படிக்கிறாள் என்று சொன்னபோது அது என்னைப் பார்த்த பார்வையை விவரிக்கத் தெரியவில்லை. "ஏன், ஃபீஸு கட்ட முடியலையா?" என்று மட்டும் கேட்டது.

சிம்மக்கல் ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில்தான் 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார்கள். இப்போது எல்லா ஊரிலும் நடக்கிறது. பள்ளி ஒரு தொழிற்சாலை என்று பேசுகிற நண்பர்கள் ஒரு நாள் காலை எட்டு மணிக்கு ஏதாவது ஒரு மாநகராட்சிப் பள்ளி வாசலில் நின்று பார்க்கலாம். பிள்ளையை உள்ளே விட்டு, அது உப்புமாத் தட்டோடு உட்கார்வதைப் பார்த்துவிட்டு, வேலைக்கு ஓடுகிற அம்மாவிடம் இல்லிச்சை விளக்கலாம். நான் வேண்டுமானால் கூட வருகிறேன், தண்ணீர் பாட்டில் பிடிக்க.

அப்போ பள்ளியில் எல்லாம் சரியா என்று கேட்பீர்கள். இல்லை. பிள்ளைகளுக்கு வாய்விட்டு ஒரு கதை வாசித்துக்காட்ட டீச்சருக்கு நேரமில்லாமல், பதிவேடும் ஆப்பும் அவரைத் தின்கின்றன. வருடத்துக்கு ஒரு சுற்றுலா, அதுவும் பணம் கட்ட முடிந்த பிள்ளைக்குத்தான் என்று பல இடங்களில் இருக்கிறது. எங்கள் குழுவில் இருக்கிற முப்பது பெற்றோர்களின் படிப்பும் பிடிவாதமும் ஒரே ஒரு பள்ளியின் மேலாண்மைக் குழுவில் போய் உட்கார்ந்திருந்தால் என்னவெல்லாம் கேட்டிருக்கலாம் என்று நினைத்துப் பார்க்கிறேன். நூலக பீரியட் ஏன் கணக்கு டீச்சருக்குப் போகிறது என்று கேட்டிருக்கலாம். நாங்கள் அதைக் கேட்கவில்லை. எங்கள் பிள்ளைகளை மட்டும் கூட்டிக்கொண்டு புது நத்தம் ரோட்டில் இருக்கிற கலைஞர் நூலகத்துக்குப் போனோம். அருமையான நூலகம். 2023-ல் மக்கள் காசில் கட்டியது. கீழடியும் அப்படித்தான். நாங்கள் வெளியேறிவிட்டோம் என்று சொல்லிக்கொள்கிற அரசாங்கத்தின் தோளில்தான் எங்கள் வீட்டுப் பள்ளி நடந்தது.

வீட்டிலேயே தொடர்ந்து படிக்கிறவர்களை நான் பழிக்கவில்லை. பள்ளி உண்மையிலேயே சேர்த்துக்கொள்ளாத, சேர்த்துக்கொண்டு வதைத்த பிள்ளைகள் இருக்கிறார்கள். எங்கள் குழுவிலேயே இரண்டு பேர். அவர்களுக்கு வீடு ஒரு மருந்து. எனக்குக் கோபமெல்லாம் அந்த மருந்தைத் தீர்த்தமாக்கி விற்கிறவர்கள் மேல்தான். தீர்த்தம் என்றால் பிள்ளை வேண்டாம் என்று சொல்லக்கூடாது பாருங்கள், சொன்னால் ஃபேஸ் ஆகிவிடும்.

ஜூனில் பக்கத்து மாநகராட்சிப் பள்ளிக்குப் போனோம். டி.சி. கிடையாது, மார்க் ஷீட் கிடையாது. குழுவில் பயமுறுத்தியிருந்தார்கள், சட்டச் சிக்கல் வரும், ஒன்றாம் வகுப்பில் போடுவார்கள் என்று. தலைமையாசிரியர் அம்மா பிறப்புச் சான்றிதழைப் பார்த்தார். "கல்வி உரிமைச் சட்டத்துல வயசுக்கேத்த வகுப்புலதான் சேக்கணும்னு இருக்கு. ஆறாப்பு. எதுலயாவது பின்தங்கியிருந்தா நாங்க பாத்துக்கறோம்" என்றார். 2009-ஆம் வருடச் சட்டம். ஐந்து வருடமாக அந்தச் சட்டம் எங்களை என்ன செய்யும் என்றுதான் பேசிக்கொண்டிருந்தோமே தவிர, எங்களுக்கு என்ன தரும் என்று ஒரு தடவையும் படித்துப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்து, "என்ன பாப்பா, என்ன புத்தகம் படிச்சிருக்க?" என்று கேட்டார். அவள் ஆரம்பித்தாள். பத்து நிமிடம் நிறுத்தவே இல்லை. கடைசியில் அவர், "வெள்ளிக்கிழமை வாசிப்பு பீரியட்ல மூணாப்புப் பிள்ளைகளுக்கு வாசிச்சுக் காட்டுறியா?" என்றார்.

இப்போது வாசிப்பு இயக்கத்துச் சின்னப் புத்தகங்கள் வீட்டுக்கு வருகின்றன. நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படி வைத்திருக்கிறார்கள். மகளுக்கு அதெல்லாம் சிறுசு, ஆனால் வெள்ளிக்கிழமைக்காக முந்தின நாள் ராத்திரி கொசுவலைக்குள் ஒத்திகை நடக்கிறது. நாய் வந்தால் தம்பி குரைக்கிறான். முதல் வாரம் அவள் அப்பா, "இன்னைக்கு என்ன கத்துக்கிட்ட?" என்று கேட்டார். "ஒண்ணும் கத்துக்கலப்பா, பேசிட்டே இருந்தோம்" என்றாள். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. ஆங்கிலத்தில் அவளுக்குப் பின்னால் பத்துப் பேர்கூட இல்லையாம், கணக்கில் தடுமாறுகிறாள். ஒருநாள் யாரோ ஏதோ சொல்லி அழுதுகொண்டே வந்தாள். மறுநாள் போகாதே என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள்.

பையன் ஸ்கூல் வேண்டாம் என்கிறான். அதையும் கேட்டுத்தானே ஆக வேண்டும். எட்டு வயது, அடுத்த ஜூன் வரைக்கும் வீட்டில்தான். ஆனால் எனக்குப் பழைய கடையிலேயே காலையில் நான்கு மணி நேர வேலை கிடைத்திருக்கிறது. அந்த நேரம் யார் என்று இந்தத் தடவை பேசினோம். மூன்று நாள் பேசினோம். என் கணவர் தன் வேலையை மத்தியானத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்.

முதல் நாள் பதினொரு மணிக்குள் நான்கு போன் வந்தது. பின்னம் எப்படிச் சொல்லிக்கொடுத்த, கலர் பென்சில் எங்க, பருப்புக்கு எத்தனை விசில், இவன் ஏன் பதில் சொல்லாம குரைக்கிறான். முதல் மூன்றுக்குப் பதில் சொன்னேன்.